மறுமொழி: ஸ்ட்ராடிலிங் ஸ்டாக்குக்குத் தமிழ்ல என்ன? "எல்லை தாண்டும் மீன்" வேணாமே

நண்பர்களுக்கு வணக்கம்,

ஒரு நாட்டோட மீன் உரிமைக்கு உட்பட்ட கடல்லயும் அதுக்கு வெளிய யாருக்கும் சொந்தமில்லாத கடல்லயும் ஒரே கூட்டமா பரவி இருக்கற மீனுக்குக் கடல் சட்டத்துல ஸ்ட்ராடிலிங் ஸ்டாக் (straddling stock)னு பேரு, நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக அதுக்குத் தமிழ் தேடி மூணு நாளா இந்த இழை ஓடுது, இன்னிக்குதான் முழுசா உக்காந்து படிச்சேன், அதனால ஏற்கனவே யாராவது சொன்னதையே நானும் சொல்லியிருந்தா பொறுத்துக்குங்க.

> "எல்லை தாண்டும் மீன்வளம்"னே வச்சிடலாம். எளிமையா இருக்கு, யாருக்கும் புரியும்.

புரியும் அக்கா, ஆனா தப்பா புரியும். தமிழ்ல "எல்லை தாண்டி"ன்னு ஆரம்பிச்சா அடுத்து "மீன் பிடித்ததாக", அதுக்கடுத்து "கைது", இப்படி ஒரு வரிசையை செய்தித்தாளுங்க நம்ம காதுல பல வருசமா ஊத்தி வச்சிருக்கு. தாண்டுறதுன்னாலே அதுல ஒரு குத்தம் ஒட்டிக்கிட்டு வருது. நானே முன்னாடி ஒரு கட்டுரையில இதே வார்த்தையைப் போட்டுட்டு, படிச்ச ஒருத்தர் "அப்ப மீனுக்கும் படகோட சேத்து அபராதம் உண்டா"ன்னு கேட்டு மானத்தை வாங்கிட்டார்.

ரெண்டாவது, அந்த மீன் எதையும் தாண்டவே இல்லை. ஒரு நாட்டுக்கு மீன் உரிமை இருக்கற 200 கடல் மைலுக்கு உள்ளயும் இருக்கு, அதை ஒட்டி வெளிய இருக்கற யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல்லயும் இருக்கு, ரெண்டும் ஒரே கூட்டம், அதோட வாழ்விடத்து நடுவுல நாமதான் போய் கோடு போட்டிருக்கோம். ஆங்கில வார்த்தையில இருக்கற படம் குதிரை மேல ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்கார்ற மாதிரி. அந்தப் படத்தை அப்படியே பிடிச்சு தம்பி ஒருத்தர் "கவட்டு மீன்"னு எழுதியிருந்தார், சிரிச்சு முடியல. படம் சரிதான் தம்பி, ஆனா ஒப்பந்தத்துல போட முடியுமா சொல்லு.

இந்த ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இதுக்காக பீரங்கிப் படகே போயிருக்குங்க. கனடாவுக்குக் கிழக்கே கிராண்ட் பாங்க்ஸ்னு ஒரு பெரிய மீன் திட்டு இருக்கு, அதுல பெரும்பகுதி கனடாவோட 200 மைலுக்குள்ள வந்திடும், மூக்கு வால்னு சொல்ற ரெண்டு முனை மட்டும் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். 1992ல காட் மீன் அத்துப்போச்சுன்னு கனடா தன் சொந்த மீனவங்களையே கடலுக்குப் போகாதேன்னு நிறுத்திடுச்சு, இந்தப் பக்கம் இவங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க அந்த முனைகள்ல வெளிநாட்டு ட்ராலருங்க வலை போட்டுக்கிட்டு இருந்துச்சு, சண்டை இந்தத் தடவை டர்பட்னு இன்னொரு மீனுக்காக. 1995 மார்ச்ல 200 மைலுக்கு வெளிய வச்சே எஸ்தாய்ங்கற ஸ்பெயின் கப்பலை எச்சரிக்கையா சுட்டு நிறுத்திப் பிடிச்சிட்டாங்க. ஸ்பெயின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போச்சு, 1998ல நீதிமன்றம் இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரவரம்பு இல்லைன்னு கையை விரிச்சிடுச்சு. சட்டப்படி பாத்தா கனடா செஞ்சது தப்புன்னுதான் எனக்குத் தோணுது, ஆனா மீன் பக்கம் நின்னு பாத்தா அப்படித் தோணல. அதே 1995 ஆகஸ்ட்ல ஐநாவுல ஒரு ஒப்பந்தம் வந்துச்சு, 2001ல அமலுக்கும் வந்துச்சு. நாம தமிழ் தேடுற வார்த்தை அந்த ஒப்பந்தத்தோட தலைப்புலயே இருக்கு.

அதுக்கு முன்னாடியே, 1982 கடல்சட்ட உடன்படிக்கையில 63, 64ன்னு ரெண்டு பிரிவு இருக்கு, அதுல மூணு வகை மீன் வருது. ரெண்டு மூணு நாட்டோட 200 மைல் மண்டலத்துக்குள்ளயே இருக்கறது ஒண்ணு, மண்டலத்துலயும் பொதுக்கடல்லயும் இருக்கறது ஒண்ணு, சூரை மாதிரி சமுத்திரம் முழுக்க சுத்துறது ஒண்ணு. மூணுக்கும் சட்டம் வேற, ஆனா தமிழ்ல எல்லாத்தையும் "எல்லை தாண்டும்"ல போட்டு அமுக்குறோம். பாக் நீரிணை மீனை எடுத்துக்குங்க, அங்க 200 மைலுக்கு இடமே கிடையாது, பொதுக்கடல்னு ஒரு சொட்டு கூட இல்லை, 1974 ஒப்பந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் இலங்கை இந்தப்பக்கம் இந்தியா, அவ்ளோதான். அதனால அது முதல் வகை, ஸ்ட்ராடிலிங் கிடையாது. இழையில பாதிப் பேர் அதையே உதாரணமா காட்டினதாலதான் இதை அழுத்திச் சொல்றேன்.

(பொதுக்கடல்னு நான் எழுதுறதை கவனிச்சிருப்பீங்க. "ஆழ்கடல்"னு போடாதீங்க, அது ஆழத்தைச் சொல்ற வார்த்தை, யாருக்குச் சொந்தம்னு சொல்ற வார்த்தை இல்லை.)

இன்னொண்ணு, 200 மைல் கோட்டை "எல்லை"ன்னு சொல்றதே எனக்கு உறுத்துது. 12 மைல் வரைக்கும்தான் நாட்டோட இறைமை, அது எல்லைதான், ஒத்துக்கறேன். 200 மைல்ங்கறது கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர், அங்க எந்த நாட்டுக் கப்பலும் யாரையும் கேக்காம போகலாம் வரலாம், மீன் பிடிக்கறது, எண்ணெய் எடுக்கறது மாதிரி வேலைக்குதான் அனுமதி வேணும். அது உரிமையோட வரம்பு, நாட்டோட எல்லை இல்லை. "உரிமை வரம்பு"ன்னு எழுதினா செய்தி படிக்கறவங்க ரத்தக் கொதிப்பு கொஞ்சம் இறங்கும்.

> ஸ்டாக் = இருப்பு. அகராதியிலயே இருக்கு.

அகராதியில இருக்கறது கிடங்குல அடுக்கி வச்ச சரக்கு ஐயா. மீன் சட்டத்துல ஸ்டாக்னா தனக்குள்ளயே இனம் பெருக்கிக்கற, ஒண்ணா எண்ணி, இவ்ளோதான் பிடிக்கலாம்னு ஒண்ணா கோட்டா போடற ஒரு கூட்டம். ஒரே இனத்து மீன்ல நாலு ஸ்டாக் இருக்கலாம். "மீன்வளம்" ரொம்ப அகலம், ஒரு துறைக்கே பேரா போயிடுச்சு. "மீன்பாடு" பிடிச்சு வந்ததைக் குறிக்கும். இலங்கை நண்பர் அவங்க பக்கத்து "குடித்தொகை"யை ஞாபகப்படுத்தி "மீன்தொகை"ன்னு சொன்னார் பாருங்க, என் ஓட்டு அதுக்குதான். தொகைன்னா காசுன்னு நினைச்சுப்பாங்கன்னு ஒரு மறுப்பு வந்துச்சு, மக்கள்தொகையையும் எட்டுத்தொகையையும் யாரும் காசுன்னு நினைக்கலையே.

இப்ப அடைமொழி. முதல் வகைக்கு "பங்கு மீன்"னு வந்த யோசனை வேணாம், கடலோரத்துல பங்குன்னா கரைக்கு வந்த மீன்ல ஆளுக்கு வர்ற பாகம். "கூட்டு மீன்தொகை"ன்னு வைக்கலாம், கூட்டுப்பட்டா மாதிரி, சொந்தக்காரங்க யார் யார்னு தெரியும், எவ்ளோ யாருக்குன்னு அளந்து பிரிக்கல, அங்கதான் சண்டையே. வட அட்லாண்டிக் கானாங்கெளுத்தி கூட்டம் (கொஞ்சம் பொதுக்கடல்லயும் திரியும், ஆனா சண்டை நாடுகளோட பங்கு பத்திதான்) வடமேற்கா நகர்ந்து ஐஸ்லாந்து பக்கம் போனதும் ஐஸ்லாந்தும் பரோ தீவும் தங்களுக்குத் தாங்களே கோட்டாவை ஏத்திக்கிட்டாங்க, ஐரோப்பிய ஒன்றியமும் நார்வேயும் குதிச்சாங்க, கூட்டுப்பட்டா தகராறு அச்சு அசல் அப்படியே. மூணாவது வகைக்கு "வலசை மீன்தொகை", பறவைக்கு ஏற்கனவே பழகின சொல், விவாதமே வேணாம்.

நடு வகைக்கு, அதாவது நம்ம கேள்விக்கு, நான் சொல்றது "விரவு மீன்தொகை". தொல்காப்பியத்துல உயர்திணைப் பெயர், அஃறிணைப் பெயர், ரெண்டுக்கும் பொதுவா வர்ற விரவுப்பெயர்னு மூணு உண்டு இல்லையா. சாத்தன்னு மட்டும் சொன்னா ஆளா மாடான்னு தெரியாது, சாத்தன் வந்தான்னா ஆளு, சாத்தன் வந்ததுன்னா மாடு, வினை வந்துதான் திணையை முடிவு பண்ணும். இந்த மீனும் அப்படித்தான். வலை எங்க விழுந்துச்சோ அதை வச்சுதான் எந்தச் சட்டம்னு முடிவாகும், மீனைப் பாத்து சொல்ல முடியாது. விரவுறதுல கலக்குறது பரவுறது ரெண்டும் இருக்கு, குத்தம் இல்லை.

> விரவு யாருக்குங்க புரியும்?

முதல் தடவை புரியாதுதான். பேரிங் கடல் நடுவுல அமெரிக்காவோட 200 மைலுக்கும் ரஷ்யாவோட 200 மைலுக்கும் இடையில ஒரு பொதுக்கடல் துண்டு மிச்சம் இருக்கு, அதை ஆங்கிலத்துல டோனட் ஓட்டைன்னு கூப்பிடறாங்க, அதுவும் முதல்ல கேட்டவனுக்கு புரிஞ்சிருக்காது. அங்க எல்லாரும் போய் பொலாக் மீனை அள்ளு அள்ளுன்னு அள்ளினதுல 1993ல பிடிப்பையே நிறுத்த வேண்டியதாச்சு, 1994ல ஆறு நாடு சேந்து ஒப்பந்தமும் போட்டாச்சு. "பேரிங் கடலின் விரவு மீன்தொகையான பொலாக்"னு ஒரு வரி எழுதிப் பாத்தேன், உக்காருது. "எல்லை தாண்டும் மீன்வளமான பொலாக்"னு எழுதிப் பாருங்க, அந்த மீன் மேல எஃப்ஐஆர் போட்ட மாதிரி இருக்கு.

ஆட்சேபணை இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, இல்லைன்னா பட்டியல்ல ஏத்திடறேன். அப்படியே இன்னொரு வார்த்தைக்கும் யோசிச்சு வைங்க, வங்காள விரிகுடா வழக்குல 2014 தீர்ப்புல கிரே ஏரியான்னு ஒண்ணு வருது, அங்க கடலடி நிலம் வங்கதேசத்துக்கு, அதுக்கு மேல நிக்கற தண்ணியும் மீனும் இந்தியாவுக்கு. "சாம்பல் பகுதி"ன்னு மட்டும் யாரும் அனுப்பிடாதீங்க. எனக்கு "ஈரடுக்குக் கடல்"னு தோணுச்சு, ஆனா அது ஏதோ பஸ் மாதிரி இருக்கு.