அப்பாவின் நாலு கம்பி: உங்கள் கிட்டாரையும் பேஸையும் காட்டுங்கள்

ஈசூன்பேஸ்:

போன மாதம் அம்மா வீடு மாறினார். சிங்கப்பூர் ஈசூன் வீட்டு ஸ்டோர் ரூமில் அரிசி டின்னுக்கும் பழைய மின்விசிறிக்கும் பின்னால் நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று நின்றது. திறந்ததும் பூச்சி உருண்டை வாசம். உள்ளே அப்பாவின் பேஸ், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நாலு கம்பி கிட்டார்.

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்குவையர் ப்ரிசிஷன். சன்பர்ஸ்ட் நிறம், உடம்பின் மேல் ஆமையோட்டு நிறத் தகடு (பிக்கார்ட்), விரல் அழுத்தும் பலகை ரோஸ்வுட். வரிசை எண் ஜேவி என்று தொடங்குகிறது. ஃபெண்டர் ஜப்பானில் செய்ய ஆரம்பித்த முதல் காலம், 1982-லிருந்து 1984 வரை வந்தவற்றுக்குத்தான் அந்த எழுத்துகள். அப்பா இதை 1986-ல் ஒரு கப்பல் எலெக்ட்ரீஷியனிடமிருந்து 450 வெள்ளிக்கு வாங்கினார், மூன்று தவணையில். வாரநாள் முழுக்க கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. சனி ஞாயிறு வந்தால் கல்யாணம், கோயில் விழா என்று எங்காவது கச்சேரி. இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸைக் கேசட்டில் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். யாரிடமும் பாடம் படித்ததில்லை.

படங்கள் போட்டிருக்கிறேன். ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தம்) மூடியின் மேல் விளிம்பு. அங்கேதான் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு வாசிப்பார். அந்த இடத்தில் மட்டும் கறுப்பு பிளாஸ்டிக் சற்றுக் குழிந்து, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தவில்லை. அவர் விரல் என்னுடையதை விடப் பருமன்.

பெட்டியின் சின்ன அறையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. பாட்டுப் பெயர் எதுவும் இல்லை. "1. மூணுல ஆரம்பம், பல்லவி ரெண்டு தரம். 2. அஞ்சுல ஆரம்பம், தபேலா நின்னா நிறுத்து. 3. ஓப்பன் ஏ, அவசரப்படாதே." இப்படிப் பதினாலு வரி. ஸ்வரமும் தெரியாது, ஸ்டாஃப் நோட்டேஷனும் தெரியாது. ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) எண்ணை வைத்தே முழுக் கச்சேரியையும் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது என் கேள்வி. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் தடித்த இரண்டு கம்பிகளான ஈ, ஏ-வுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. மூன்றாவதில் அழுத்தினால் கரகரவென்று சத்தம். ஒரு கடையில் காட்டினேன். எல்லா ஃப்ரெட்டையும் மாற்றி, பலகையை இழைத்து, உடம்புக்கும் புதுப் பூச்சு அடித்தால் புதுசு போல ஆகிவிடும் என்றார்கள். புதுசு போல ஆக்க எனக்கு மனமில்லை. அதே நேரம் இது வாசிக்கிற நிலையிலும் இருக்க வேண்டும். என்ன செய்யலாம்? நம் ஊர் ஈரத்தில் எப்படி வைத்துக்கொள்வது?

அப்புறம், உங்களிடம் இருப்பதையும் காட்டுங்கள். விலையைச் சொல்ல வேண்டாம். எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

தேக்கா_ஸ்ட்ராட்:

தம்பி, பூச்சு அடிக்கக் கொடுத்துவிடாதே. ஜேவி எண் உள்ளதைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபூச்சு அடித்தால் அவர்களுக்கும் அது வேண்டாததாகிவிடும், உனக்கும் அப்பா போய்விடுவார்.

முதலில் நெக், அதாவது நீண்ட கழுத்துப் பகுதி, எப்படி இருக்கிறது என்று பார். கரகரப்புக்கு ஃப்ரெட் மட்டும்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதே. இடது கையால் முதல் ஃப்ரெட்டிலும், வலது கையால் நெக் உடம்போடு சேரும் இடத்திலும் ஈ கம்பியை அழுத்து. நடுவில், ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் போல இடைவெளி தெரிய வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. இடைவெளியே இல்லையென்றால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது. அப்போது ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) கொஞ்சம் தளர்த்தினாலே பாதிச் சத்தம் போய்விடும். இந்த மாடலில் அதன் நட்டு நெக்கின் அடிப்பக்கம், உடம்புக்குள் மறைந்திருக்கும். கம்பியைத் தளர்த்தி, நெக்கின் நாலு திருகையும் இளக்கி, நெக்கைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்.

பிறகு ஃப்ரெட். பள்ளம் ஆழமில்லை என்றால் மாற்ற வேண்டியதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே மட்டமாகத் தேய்த்து, தலையைத் திரும்ப உருட்டிவிட்டால் போதும். ஃப்ரெட்டின் உயரமே ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால் இதை ஒன்றிரண்டு தடவைதான் செய்யலாம். நல்ல கைக்காரரிடம் கொடு. பெனின்சுலா கடைத்தொகுதியில் ஏறி இறங்கி விசாரி. "எவ்வளவு ஆகும்" என்பதற்கு முன்னால் "ஃப்ரெட்டிலிருந்து எவ்வளவு தேய்த்து எடுப்பீர்கள்" என்று கேள். குறைவாக எடுக்கிறவர்தான் உன் ஆள்.

என்னுடையது வெள்ளை ஸ்ட்ராட், ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் மின் கிட்டார். 1991-ல் வாங்கியது, இரண்டு தடவை ஃப்ரெட் மாற்றியாயிற்று. செருப்புக்கு அடி மாற்றுவது மாதிரிதான், அதற்காக வருத்தப்பட்டதில்லை. வெள்ளை இப்போது மோர் நிறம். தேய்ந்த இடம் கேட்டாயே: வால்யூம் குமிழ். ஸ்ட்ராடில் அது கம்பிக்கு மிக அருகில் இருக்கும். சுண்டுவிரலால் சுழற்றிச் சுழற்றி எண்ணெல்லாம் அழிந்துவிட்டது. எங்கே ஏழு, எங்கே பத்து என்று விரலுக்குத் தெரியும்.

கம்பி என்ன போட்டிருக்கிறாய்? பழைய ப்ரிசிஷனுக்கு ஃப்ளாட்வவுண்ட் (மேலே தட்டை நாடா சுற்றிய கம்பி) போட்டுப் பார். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 ப்ரிசிஷனில் வாசித்ததெல்லாம் அந்த வகைக் கம்பிதான். வழவழப்பாக இருக்கும், ஃப்ரெட்டையும் அவ்வளவு தின்னாது.

நைலான்_மீரா:

தேக்கா அண்ணன் சொன்னதுக்கு மேல் ஃப்ரெட் பற்றி என்னிடம் எதுவும் இல்லை. ஈரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் நான் பட்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது செடார் முகம் கொண்ட கிளாசிக்கல். மரைன் பரேட்டில் கடலைப் பார்த்த வீடு. மழையில்லாத நாளில் இங்கே விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், பிற்பகல் 60 பக்கம். கிட்டாருக்கு நல்லது 45-லிருந்து 55. நான் என்ன செய்தேன் என்றால், ராத்திரி ஏர்கான் போட்ட அறையில் ஸ்டாண்டில் வைப்பேன், காலையில் ஏர்கானை அணைத்துச் சன்னலைத் திறந்துவிட்டு வேலைக்குப் போவேன். தினமும் மரம் ஈரத்தை இழுப்பதும் விடுவதுமாக இருந்திருக்கிறது. எட்டு மாதத்தில் முகப்பலகை வயிறு மாதிரி உப்பி, கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜின் பின் விளிம்பு தூக்கிக்கொண்டது. ஒரு தாளை உள்ளே விட்டால் போய்விடும். அன்று நான் அழுதேன். ஒட்டிக் கொடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் கோடு தெரியும்.

உங்கள் பேஸ் திடமான உடம்பு, இவ்வளவு மென்மை இல்லை. என்றாலும் நெக் மரம்தானே. செலவில்லாத வழி: பெட்டிக்குள்ளேயே வையுங்கள், கூடவே ஒரு சின்ன ஈரமானியும் போடுங்கள். சிலிக்கா ஜெல் பை இரண்டு, நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடலாம். டிரை கேபினட் வாங்கினால் 50-ல் வையுங்கள். கேமராவுக்கு வைப்பது போல 35, 40 என்று இறக்கினால் மரம் வெடிக்கக்கூடும். பூச்சி உருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அந்த ஆவி பிளாஸ்டிக்கையும் பூச்சையும் இளக்கிவிடும்.

என் கிட்டாரில் தேய்ந்த இடம்: ஒலித்துளைக்குக் கீழே, மோதிரவிரல் நகம் பட்ட கீறல்கள். அத்தனையும் ஒரே திசையில்.

ஐந்தாம்_கம்பி:

அண்ணே, நான் தேசிய சேவையில் இருக்கிறேன். வார இறுதியில் மட்டும்தான் வாசிக்க முடியும். என்னுடையது ஐந்து கம்பி, ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். ஒன்றை மட்டும் திறந்தால் உம்மென்று இரைச்சல் வரும், இரண்டையும் முழுசாகத் திறந்தால் அடங்கிவிடும். உங்களுடையதில் அந்தத் தொல்லை இருக்காது. ப்ரிசிஷன் பிக்கப்பை 1957-லேயே இரண்டாகப் பிரித்து இரைச்சல் தானே அடங்குகிற மாதிரி செய்துவிட்டார்கள். அப்படியும் இரைந்தால் உள்ளே எர்த் கம்பி விட்டுப்போயிருக்கலாம். பிரிட்ஜைத் தொட்டால் சத்தம் குறைகிறதா, பாருங்கள்; குறையவில்லை என்றால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

வீட்டில் ஆம்ப் போடுவதில்லை. தாழ்ந்த பி கம்பி 31 ஹெர்ட்ஸ், அது சுவர் வழியாகக் கீழ்வீட்டுப் பாட்டி கட்டில் வரைக்கும் போகும். ஹெட்ஃபோன்தான்.

தேய்ந்த இடம் என்று இன்னும் எதுவும் இல்லை. வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. ஆனால் உங்கள் அப்பாவின் தாளைப் படித்துவிட்டு நானும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பதினாலு வரியையும் முழுசாகப் போடுங்களேன்.

ஈசூன்பேஸ்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

தேக்கா அண்ணன் சொன்னபடி அழுத்திப் பார்த்தேன். இடைவெளியே இல்லை. நெக் பின்பக்கம் வளைந்திருந்தது. திருகை இளக்கி நெக்கைச் சாய்த்தபோது அடியில் பென்சிலில் எழுதிய ஜப்பானிய எழுத்து ஒன்று தெரிந்தது, அதையும் படமெடுத்தேன். கால் சுற்று தளர்த்தினேன். மறுநாள் கார்டு நுழைந்தது. மூன்றாவது ஃப்ரெட்டின் கரகரப்பு ஏறக்குறைய போய்விட்டது, முதலாவதில் மட்டும் மிச்சம். அப்புறம் ஒருவரிடம் கொண்டுபோய் "எவ்வளவு எடுப்பீர்கள்" என்று கேட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஆழமான பள்ளத்தின் அடி லேசாகத் தெரிகிற வரைக்கும்தான், முழுசாக மறைய வேண்டியதில்லை" என்றார். அவரிடமே கொடுத்தேன். பலகையைத் தொடவில்லை. பிக்கப் மூடியைத் துடைக்கக்கூட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், துடைக்கவில்லை.

ஃப்ளாட்வவுண்ட் போட்டாயிற்று. பூச்சி உருண்டை போயிற்று. மீரா அக்கா, பெட்டிக்குள் ஈரமானி இப்போது 54 காட்டுகிறது.

தம்பி, பதினாலு வரியையும் கீழே படமாகப் போட்டிருக்கிறேன். எட்டாவது வரியில் மட்டும் தொடங்கும் இடம் இல்லை, "இது தெரியும்" என்று எழுதியிருக்கிறார். என்ன பாட்டு என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொல்லவில்லை, முணுமுணுத்துக் காட்டினார். ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்கிப் பார்த்தேன், சேரவில்லை. மூன்றாவதில் சேர்ந்தது.