அந்த இலையைக் கீறியவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கோ

பரந்தன் பெயின்டர்:

கஞ்சா இலை கீறித் தரச்சொல்லி வருகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. ஓட்டோவின் பின்பக்கம், மோட்டார் சைக்கிள் தாங்கி, சலூன் கண்ணாடி என்று எல்லா இடத்துக்கும் கேட்பார்கள். ஒருவன் கிரிக்கெட் மட்டைக்கே கேட்டான். பாதிப்பேருக்குப் பக்கத்தில் பொப் மார்லியின் முகமும் வேண்டும். அவர் 1981இல் காலமானவர். கேட்டு வருகிற பெடியள் அதற்கு எவ்வளவோ காலம் கழித்துப் பிறந்தவர்கள், ஒரு பாட்டுச் சொல்லு என்றால் சிரிப்பார்கள். சரி, காசு தருகிறார்கள், கீறிக் கொடுக்கிறேன்.

பெயர்ப்பலகை எழுதிப் பழகியவன் நான். எனாமல்தான் கைக்கு வரும். அவசர வேலைக்குப் பழைய எக்ஸ்ரே பிலிமில் அச்சு வெட்டி ஸ்பிரே அடிப்பேன். இந்த இலைக்கு அது சரிவராது. விளிம்பில் உள்ள பல்லுகளை நெருக்கமாக வெட்டினால் இரண்டாம் தடவை அடிக்கும்போதே பெயின்ட் கட்டி மழுங்கிவிடும். தள்ளித்தள்ளி வெட்டினால் மரம் அறுக்கிற வாள் மாதிரி நிற்கும்.

போன வருடம் ஓர் ஓட்டோவுக்குப் பின்பக்கம் முழுக்கப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். அந்தாள் ஏ9 வீதியில் போகப் பொலிஸ் மறித்து, சீற்றையும் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. “இதைப் போட்டுக்கொண்டு ஓடினால் காணுகிற நேரமெல்லாம் மறிப்போம்” என்று சொல்லி விட்டிருக்கிறார்கள். அன்று பின்னேரமே என் வாசலில் வந்து நின்றார். அழிக்கச் சொன்னார், ஆனால் முழுதாகப் பூச காசு இல்லையாம். பிறகென்ன, தனித்தனியாகப் பிரிந்து நின்ற இலைத்துண்டுகளை அடியில் ஒட்டவைத்தேன். பல்லுகளை அதே பச்சையால் நிரப்பி விளிம்பை வழவழவென்று எடுத்தேன். காம்பைச் சிவப்பாக்கினேன். இப்போது அது மரவள்ளி. கிழங்கு கிலோ என்ன விலை என்று சனம் அவரை மறித்துக் கேட்கிறதாம்.

உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்திருக்கும். பென்சிலோ பேஸ்டலோ, எதில் கீறியிருந்தாலும் எழுதுங்கோ.

துணுக்காய் சித்திர ரீச்சர்:

அண்ணை, மரவள்ளிக் கதையை வாசித்து ஸ்டாப் ரூமில் தனியாக இருந்து சிரித்தேன்.

தரம் பத்துப் பிள்ளைகளுக்கு இலைகளை வைத்து ஓர் அலங்காரம் செய்துவரச் சொல்லியிருந்தேன். ஒருவன் தாள் முழுக்க இந்த இலையை ஒயில் பேஸ்டலில் நிரப்பிக்கொண்டு வந்தான். பக்கத்து வகுப்பு சேர் கண்டுவிட்டு, அதிபரிடம் கொண்டுபோங்கள் என்றார். நான் கொண்டுபோகவில்லை. படத்தைப் பார்த்த உடனேயே தெரிந்தது, இவன் ஒரு இலையையும் பார்த்துக் கீறவில்லை, ரீசேட்டைப் பார்த்துத்தான் கீறியிருக்கிறான். ஏழு துண்டும் ஒரே நீளம். பல்லுகள் வெளிப்பக்கமாக நேரே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நரம்பு என்ற ஒன்றே இல்லை. சித்திரம் படிப்பிக்கிற எனக்கு இதுதான் பெரிய குற்றம்.

பள்ளிக்கூட வேலியோரம் நொச்சி நிற்கிறது. ஒரு கொத்து முறித்து மேசையில் போட்டு, இதைப் பார்த்துக் கீறு என்றேன். நொச்சிக்கு மூன்று அல்லது ஐந்து இலைத்துண்டுகள்தான். நடுவில் இருப்பது நீளம், ஓரத்துக்குப் போகப்போகச் சின்னதாகும். பல்லு அநேகமாக இல்லை. ஆனால் ஒரே காம்பு நுனியில் இருந்து எல்லாத் துண்டும் எப்படி விரிகிறது, முன்னுக்கு வருகிற துண்டு எப்படிக் குறுகித் தெரிகிறது என்பதை அதில் படிக்கலாம். அவனுக்குத் தலையிடி கொடுத்தது அடிப்பக்கத்துச் சாம்பல் நிறம். பச்சைக்கு மேல் வெள்ளையைத் தேய்த்தால் சேறாகிறது. வெள்ளையை முதலில் அழுத்திப் பூசி, அதன்மேல் பச்சையை மெல்ல இழுத்து, முடிந்த குமிழ்முனைப் பேனையால் நரம்புகளைச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். அடியிலிருந்த வெள்ளை கோடாக வெளியே வந்ததும் பெடியனுக்கு முகம் மாறிவிட்டது. அன்று மணி அடித்தும் எழும்பவில்லை.

இதற்கிடையில் கதை வீட்டுக்குப் போய்விட்டது. தாய் ஓடிவந்தார். “ரீச்சர், இவன் ஏதும் பழக்கத்துக்கு…” என்று தொடங்கியவருக்குத் தொண்டை அடைத்தது. கொப்பியை விரித்துக் காட்டினேன். “இது நொச்சியெல்லோ! தடிமனுக்கு ஆவி பிடிக்கிறது” என்றார். முதலில் கீறிய தாள் என் அலுமாரிக்குள் இருக்கிறது, அதை நான் காட்டவில்லை.

கைதடியில் படித்தவள், இப்போது வவுனியா:

நான் சித்த மருத்துவம் படித்தவள். மூலிகைக் கொப்பிக்குக் கறுப்பு மையில் கீறி நீர்வர்ணம் தீட்டுவது வழக்கம். சித்தத்தில் கஞ்சாவும் ஒரு மருந்துச் சரக்கு, சுத்தி செய்து நஞ்சை முறித்த பிறகுதான் மருந்தில் சேரும். ஆனால் பார்த்துக் கீறுவதற்கென்று வீட்டில் ஒரு செடி வைக்க ஏலாது. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அபினோடு சேர்த்து இதையும் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே பழைய அச்சுப் படங்கள்தான் கதி.

எனக்குக் கைகொடுத்தது ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் என்ற பழைய தாவரப் புத்தகம். ஒல்லாந்தர் காலத்தில் மலபாரை ஆண்ட வான் ரீடே தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. முழுக்கச் செப்புத்தகட்டுப் படங்கள், கஞ்சாவும் அதில் உண்டு. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்தச் செடிக்கு லத்தீன் பெயர் வைப்பதற்கு எவ்வளவோ முன்பு கீறியது.

செடியைத் தெரிந்து கீறுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, ஏழு என்பது கட்டாயமில்லை. முளைத்ததும் வருகிற முதல் இலை ஒற்றைத் துண்டு, பிறகு மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறும், பூ வருகிற நுனியில் மறுபடி இறங்கும். ரீசேட்டில் இருப்பது நடுத்தண்டு இலை மட்டும். மற்றது நரம்பு. நடுநரம்பில் இருந்து கிளம்புகிற பக்க நரம்பு ஒவ்வொரு பல்லின் நுனிக்கும் நேரே போய் முடியும். அதில் இருந்து மயிர்போல ஒரு கிளை பிரிந்து, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் உள்ள பள்ளத்தை நோக்கிப் போகும். கஞ்சாவை மற்ற இலைகளில் இருந்து பிரித்துக் காட்டுவது அந்தச் சின்னக் கிளைதான். அது வேண்டுமென்றால் 0.1 என்று வருகிற மிக மெல்லிய முனைப் பேனை வேண்டும்.

அனுபவம் என்று கேட்டால், படத்தைப் பிரதி எடுக்கக் கடைக்குப் போனேன். கடைப் பெடியன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் தாளைப் பார்த்தான். பிரதியைக் குப்புறக் கவிழ்த்து, மேலே ஒரு வெள்ளைத்தாளும் வைத்து, “பத்திரமாக் கொண்டுபோங்கோ அக்கா” என்றான்.

முல்லைத்தீவுக் கரை:

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள். எனக்கு ரசிக்க முடியவில்லை. எங்கள் பக்கம் இது இலையாக வருவதில்லை, கடலால் பொதியாக வருகிறது. ‘கேரள கஞ்சா பிடிபட்டது’ என்று பேப்பரில் படம் போடுவார்கள், வரிசையாகப் பொதிகள், பின்னால் சீருடைக்காரர்கள். பொதிக்குள் ஓட்டோவில் இருக்கிற அந்த அழகான ஏழு விரல் இருக்காது, காய்ந்து இறுகிய கட்டிதான் இருக்கும். எனக்குத் தம்பி முறையான ஒருவன் தவணை தவணையாக நீதிமன்றத்துக்கு அலைகிறான்.

நான் கீறியது அந்தப் பொதியை. கரித்துண்டால், பெரிய தாளில். சாக்கின் முரடு கரிக்கு இலகுவாக வந்தது. பொலித்தீனும் மண்ணிற ஒட்டுநாடாவும்தான் வரவில்லை, அந்தப் பளபளப்பு. கடைசியில் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டு அழிறப்பரை வெட்டி, அதன் கூரால் வெளிச்சத்தை இழுத்து எடுத்தேன். மாமி பார்த்துவிட்டு, இதைச் சுவரில் மாட்டாதே என்றார். மாட்டவில்லை.

பரந்தன் பெயின்டர்:

தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கரிப்படத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் பற்றிக்:

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து பற்றிக் செய்கிறோம், மெழுகு வைத்துத் துணிக்குச் சாயம் போடுகிற வேலை. தெற்கில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற ஒரு கடை, சுவரில் தொங்கவிடும் துணிக்கு இந்த இலையைக் கேட்டது. மெழுகில் பல்லு எடுப்பது பெரும்பாடு. சூடு கூடினால் மெழுகு துணியில் ஓடிப் பல்லு எல்லாம் ஒன்றாகிவிடும். சூடு குறைந்தால் மேலேயே உறைந்துவிடும், சாயம் அடியால் புகுந்துவிடும். துணியில் ஒரு முழத்துக்கு இலையைப் பெருப்பித்த பிறகுதான் சரிவந்தது. மெழுகு வெடித்து அதற்குள் சாயம் ஓடுகிற வெடிப்புக் கோடு வேண்டும் என்று கேட்டார்கள். அதற்குத் தேன்மெழுகைக் குறைத்துப் பரபின் மெழுகைக் கூட்டினோம்.

எங்களோடு வேலை செய்யும் ஆச்சி, இது என்ன இலை பிள்ளை என்றார். சின்னவள் ஒருத்தி மரவள்ளி என்றாள். “மரவள்ளிக்கு எப்ப பல்லு முளைச்சது? கஞ்சா எண்டு சொல்லன், என்ன வெக்கம். எங்கட அப்புவுக்குப் பரியாரியார் லேகியத்தில போட்டுக் குடுத்தவர்” என்றுவிட்டு மெழுகுச் சட்டியைக் கிண்டப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் ரகசியம் பேசவில்லை. ஆனாலும் அடுத்த ஓடருக்கு நொச்சி செய்து அனுப்பலாமா என்று கேட்டோம். கடைக்காரர் மாட்டேன் என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு தொங்கல் துணிக்காக ஒவ்வொரு வீட்டிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது.

துணுக்காய் சித்திர ரீச்சர்:

அக்கா, பச்சை எப்படி எடுத்தீர்கள்? என்னிடம் பற்றிக் பழகுகிற பிள்ளைகளுக்குப் பச்சைச் சாயம் எப்போதும் தட்டையாகவே வருகிறது.

ஒட்டுசுட்டான் பற்றிக்:

பச்சைச் சாயத்தைத் தொடவே இல்லை ரீச்சர். முதலில் துணி முழுக்க மஞ்சள். காய்ந்ததும் நரம்புகளுக்கு மட்டும் மெழுகு வைத்து நீலத்தில் நனையுங்கோ. மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையாகும், நரம்பு மஞ்சளாகவே நிற்கும். பிறகு இலை முழுவதையும் மெழுகால் மூடிவிட்டுப் பின்புலத்துக்குக் கடும் நிறம் கொடுக்கலாம். நீலத்தில் கனநேரம் விடாதேங்கோ, கறுத்துப்போகும்.