ராஜா கதையை ரசிச்சா ராஜபக்தனா?

பறளியாறு (தக்கலை):
திருவிதாங்கூர் ராஜா கதையான, சி.வி. ராமன்பிள்ளையின் மலையாள நாவல் ‘மார்த்தாண்டவர்மா’வை மறுபடியும் படிச்சு முடிச்சேன். 1891ல் வந்த நாவல், இன்னும் கீழே வைக்க விடமாட்டேங்குது. சாரோட்டுப் பக்கம் இளவரசன் உயிருக்குப் பயந்து ஓடுற இடம் வந்தா, நாம தினமும் பஸ்ஸில் போற வழியாச்சேன்னு கூடவே மூச்சு வாங்குது. இதை ஒரு இடத்தில் சொன்னதுக்கு, “ராஜாவுக்குக் குடை பிடிக்கிற கூட்டம்”னு ஒருத்தர் முகத்தில் அடிச்சாப்ல சொல்லிட்டார். கொட்டாரத்து (அரண்மனை) கதையை ரசிச்சா ராஜபக்தன் ஆயிருவோமா?

கல்குளத்தான்:
அந்தப் புத்தகத்தில் அரசை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார் வில்லன், பழைய ராஜாவோட மகன்மாரான தம்பிமார் வில்லன், பட்டத்துக்கு வரப்போறவன் நாயகன். ஜெயிச்சவன் பக்கத்துக் கதை அண்ணே அது. கோயில் கொடையில் தம்பிமார் கதையை வில்லுப்பாட்டாக் கேட்டுப் பாருங்க, ஜனம் யாருக்காக அழுவுதுன்னு தெரியும். ரசிக்காதேன்னு சொல்லலை. எவன் தோளில் உக்காந்து வேடிக்கை பாக்குறோம்னு தெரிஞ்சு ரசிக்கணும்.

தென்தாமரைக்குளம்:
கல்குளத்தான் பாதிதான் சொன்னார். எங்க பக்கத்தில் திருவிதாங்கூர் ராஜாவுக்கு அய்யாவழி வேதமான அகிலத்திரட்டு வெச்ச பேரு நீசன். அய்யா வைகுண்டரைச் சிங்காரத்தோப்பில் சிறை வெச்சது இதே அரசாங்கம்தான். எங்க பெண்கள் மார்பை மறைச்சுத் தோள்சீலை போடுற உரிமைக்கு 1822ல் தொடங்கின அடிதடி, 1859 அறிவிப்பு வரைக்கும் இழுத்தது. அந்த அறிவிப்பும் ‘மேல்சாதிப் பெண்கள்போல உடுத்தக்கூடாது’ன்னு ஒரு வாலோடதான் வந்தது. உங்க நாவல்களில் பட்டுடுத்த தங்கச்சிமார் (கொட்டாரத்துப் பெண்கள்) பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விடுவாங்க. எனக்க பாட்டிக்குப் பாட்டி எந்தப் பக்கத்தில் வருவா?

பறளியாறு:
வரமாட்டாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. ஆனா நாவலில் வர்ற சுபத்திரையைப் பாருங்க. மொத்தக் கதையையும் இழுத்துட்டுப் போறவ அவதான். இளவரசன் உயிர் தப்பினதே அவ துப்புச் சொன்னதால. கடைசியில் சொந்த மாமன் கையால சாகுறா. அந்நேரம் அரசன் வந்தும் அவளைக் காப்பாத்த முடியலை. சிம்மாசனத்துக்குக் கற்பூரம் காட்டணும்னு மட்டும் நினைச்சிருந்தா சி.வி. அந்த இடத்தை அப்படி எழுதியிருப்பாரா?

இன்னொண்ணு. 1729ல் ராமவர்மா ராஜா செத்ததும் நாடு மருமகனுக்கு, அதாவது சகோதரி வழி வாரிசான மார்த்தாண்டவர்மாவுக்குப் போச்சு, மகன்மாருக்கு ஒண்ணும் இல்லை. மருமக்கத்தாயம்னு பாடப்புத்தகத்தில் ஒரே வரி. பெத்த அப்பன் ராஜா, தனக்கோ பட்டம் கிடையாதுன்னு அந்த மகன் பப்புத்தம்பிக்கு உள்ளுக்குள்ள என்ன எரிஞ்சிருக்கும்? அதைக் கதைதான் சொல்லும். பத்மநாபபுரம் கொட்டாரத்தில், ராஜா ஆலோசனை நடத்தின மந்திரசாலைக்கு ஏறுற மரப்படி எவ்வளவு ஒடுக்கம்னு பாத்திருப்பீங்க. மேலே கண்ணாடிக்குப் பதிலா கலர் கலரா அப்பிரக (மைக்கா) தகடு வெச்ச ஜன்னல். தரையில் முகம் பாக்கலாம், சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பண்ணினதுன்னு வழிகாட்டி சொல்லுவார். வெறுமனே பாத்தா அது பழைய கட்டடம். கதை படிச்சவனுக்கு அந்தப் படியில் செருப்பில்லாம ஆள் ஏறுற சத்தம் கேக்கும்.

செங்கோட்டை வாசகன்:
நடுவில் புகுந்ததுக்கு மன்னிக்கணும். என் தாத்தா 1956 அக்டோபர் 31 வரைக்கும் திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி) ராஜ்யத்துக்காரர், மறுநாளிலிருந்து சென்னை ராஜ்யத்துக்காரர். வீட்டில் அலமாரிக்கு ஒரு தட்டு மலையாளம், ஒரு தட்டு தமிழ். சோழர் கதையில் ராஜராஜன் சேரநாட்டில் ஜெயிச்சதைச் சொல்ற ‘காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி’ன்னு வந்தா தாத்தா விசிலடிக்காத குறை. அந்தச் சாலை திருவனந்தபுரம் வலியசாலைப் பக்கம்னு சொல்லுவாங்க. அப்படின்னா அடி வாங்கினது எங்க பக்கத்து ஆள்! அடுத்த வாரமே மார்த்தாண்டவர்மாவுக்கும் கைதட்டுவார். ஒரே ஆள் எத்தனை ராஜாவுக்கு பக்தனா இருக்க முடியும் சார்? கதை நல்லா இருந்தது, தட்டினார், அவ்வளவுதான்.

கல்குளத்தான்:
ரெண்டு பக்கமும் கைதட்டினதில் என்ன பெருமை வோய்? ரெண்டு பக்கமும் ராஜாதானே!

இங்கே நாவல் வர்றதுக்கு முன்னாடியே ‘இரவிக்குட்டிப்பிள்ளை போர்’ங்கிற கதைப்பாட்டு இருந்தது. திருமலை நாயக்கர் படை வருது, வேணாட்டு (பழைய திருவிதாங்கூர்) மந்திரி இரவிக்குட்டிப்பிள்ளை கணியாகுளத்துக்குச் சண்டைக்குப் போறான். வீட்டுப் பொம்பளைங்க கெட்ட கனவு கண்டோம், போகாதேன்னு காலைப் பிடிக்கிறாங்க. போனான், செத்தான். கூட இருந்தவனே கைவிட்டான்னு பாட்டுக்காரன் ஒளிக்காமப் பாடினான். அந்தத் துணிச்சல் இப்ப எழுதுறவங்களுக்கு எங்கே போச்சு? குளச்சல்னா 1741, டச்சுத் தளபதி டிலனாய் சரணடையுற படம், புல்லரிப்பு, முடிஞ்சது.

பறளியாறு:
இதில் நான் உங்க கட்சி. சரணடைஞ்சதுக்கு அப்புறம்தானே கதையே இருக்கு! கைதியாப் பிடிபட்ட டச்சுக்காரன் அதே ராஜாவோட படைக்குப் பயிற்சி குடுத்து, வலிய கப்பித்தான் (பெரிய தளபதி) ஆகி, 1777ல் சாகுறவரைக்கும் இங்கேயே கிடந்தான். உதயகிரிக் கோட்டையில் அவன் கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே இருக்கு. முதல்நாள் அவனைத் தர்பாரில் நிப்பாட்டினப்ப யார் மொழிபெயர்த்தாங்க, நம்பலாமா கூடாதான்னு யார் யார் ராஜா காதில் ஓதினாங்க? இதை எவனாவது எழுதினா முதல் பிரதி எனக்கு.

தென்தாமரைக்குளம்:
எழுதட்டும், நானும் வாங்குறேன். ஆனா அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவனுக்கு ஒரு பேரும் நாலு வரி வசனமும் வேணும். ‘உத்தரவு தம்புரானே’ வசனத்தில் சேராது.

கல்குளத்தான்:
நாலு வரி பத்தாது. அவன் கண் வழியாவே மொத்தக் கதையும் போகணும்.

பறளியாறு:
அவனை யாரும் மந்திரசாலைக்குள்ள விடமாட்டாங்களே அண்ணே. சதி நடக்குறது அவனுக்கு எப்படித் தெரியும்?

தென்தாமரைக்குளம்:
சமையக்காரனுக்கும் பல்லக்கு தூக்கினவனுக்கும் தெரியாத சதி எந்தக் கொட்டாரத்தில் நடந்திருக்கு?