அக்காள் தங்கை கதை சொல்லும் நாவல்களில் பாகப்பிரிவினைக் காட்சி: எங்கே சறுக்குகிறது?

தலைமுறை தாண்டும் சகோதரிகள் கதைகளின் கையெழுத்துப்படிகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழை இது: 1975-இல் கல்யாணமான அக்கா, 1990-இல் பூர்வீக நிலத்தில் சமபங்கு கேட்டுச் சட்டம் பேசுகிறாள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 25.3.1989 முதல் மகளையும், மகனைப் போலப் பிறப்பிலேயே பூர்வீகச் சொத்தில் பங்குள்ள பங்காளி ஆக்கியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவளுக்கு 2005 வரை அது கிடையாது. அப்போது கல்யாணமாகாத தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. இதைவிட நல்ல முடிச்சு வேண்டுமா?

*

மேலே சொன்னது சரி. ஆனாலும் அக்காவுக்கு ஒன்றுமே இல்லை என்று எழுதிவிட வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிக்காத பூர்வீக நிலம் 9 ஏக்கர். ஒரு மகன், இரண்டு மகள்கள். அம்மா முன்பே இல்லை. அப்பா உயில் எழுதவில்லை.

அப்பா 1980-இல் இறந்தால் அவர் பாதி, மகன் பாதி. அப்பாவின் நாலரை ஏக்கர் மூவருக்கும் பிரியும்: மகனுக்கு 6, மகள்களுக்கு ஆளுக்கு ஒன்றரை.

1990-இல் இறந்தால், தங்கைக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்றால், அவளும் பங்காளி. மகனுக்கு 4, தங்கைக்கு 4, அக்காவுக்கு 1. தங்கைக்கு வந்த உரிமை அக்காவின் ஒன்றரையை ஒன்றாக்கிவிட்டது! அண்ணன் மேல் வரவேண்டிய கோபம் தங்கை மேல் திரும்ப இது போதும்.

9.9.2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணமான மகளையும் பங்காளி ஆக்கியது; அதற்குப் பிறகு இறந்தால் மூவருக்கும் மும்மூன்று.

அப்பாவின் சுயசம்பாத்தியம் வேறு கணக்கு. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததிலிருந்தே அதில் மகள்களுக்குச் சமபங்கு, கல்யாணமானாலும்.

*

வீடு இன்னொரு கணக்கு. குடும்பத்தார் மட்டுமே குடியிருக்கும் வீடென்றால், அண்ணன் தம்பிகளாகப் பிரிக்க முன்வரும்வரை மகள் பிரிக்கச் சொல்ல முடியாது என்று 1956 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2005-இல்தான் அந்தப் பிரிவு போனது. குடியிருக்கும் உரிமைகூடக் கல்யாணமாகாதவள், விதவை, கணவன் கைவிட்டவள், பிரிந்து வந்தவள் இவர்களுக்கு மட்டும்தான் அதுவரை இருந்தது. வாழாவெட்டியாக வந்த அக்காவை அண்ணி வெளியே போகச் சொல்லும் காட்சியில், சட்டம் அக்கா பக்கம்.

இன்னொன்று, பங்கை விட்டுக்கொடுப்பது வாய்வார்த்தையில் முடிகிற காரியமில்லை. விடுதலைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு அது, சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறும். பேத்தி பல வருஷம் கழித்து உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பரணில் பழைய கடிதம் தேடவேண்டாம், வில்லங்கம் போட்டாலே போதும்.

*

படிப்பையும் சரிபாருங்கள். 1970-இல் எந்தப் பெண்ணும் பிளஸ் டூ படித்திருக்க முடியாது. பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., அதன்பின் கல்லூரியில் ஒரு வருஷம் பி.யூ.சி. எனும் புகுமுக வகுப்பு. பிளஸ் டூ வந்தது 1978-இல். அந்த வருஷம்தான் பெண்ணின் திருமண வயதும் 15-லிருந்து 18 ஆனது.