பூசானுக்கு ஒரு நாள் போதுமாம்! அந்த “நாற்பது நிமிடம்” எங்கிருந்து வந்தது?

துறைமுகத்தான்:
தென்கொரியத் துறைமுக நகரமான பூசானுக்குச் சேது நேற்று எழுதிய பயணத் திட்டத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சியோலில் அதிகாலை கே.டி.எக்ஸ். அதிவேக ரயில் ஏறுவதாம். பூசானில் இறங்கிக் கம்ச்சோன் மலைக் கிராமம், ஜகல்ச்சி மீன் சந்தை, ஹேதோங் யோங்குங்சா பௌத்தக் கோயில், ஹேயுண்டே கடற்கரை, இரவில் குவாங்கல்லிக் கடற்கரையில் குவாங்கான் பாலத்து விளக்குகள் என்று அத்தனையும் பார்த்துவிட்டுக் கடைசி ரயிலில் திரும்பிவிடலாமாம். “பூசானுக்கு ஒரு நாள் போதும், கம்ச்சோனிலிருந்து யோங்குங்சாவுக்கு நாற்பது நிமிடம்தான்” என்று எழுதியிருக்கிறார்.

நான் ஆறு வருடம் அந்த ஊரில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன். கம்ச்சோன் நகரத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. யோங்குங்சா வடகிழக்கில், கிஜாங் பக்கம். நடுவில் முழு ஊரும் கிடக்கிறது, அதுவும் மலையும் கடலுமாக. கம்ச்சோனிலிருந்து சிற்றுந்தில் தொசோங் நிலையத்துக்கு இறங்க வேண்டும். மெட்ரோவின் முதலாம் தடத்தில் சொம்யோன் வரை போய், அங்கே இரண்டாம் தடத்துக்கு மாறி ஹேயுண்டே, அங்கிருந்து பஸ். கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். நாற்பது நிமிடம் எங்கிருந்து வந்தது?

பயணி சேது:
நான் போனேன். நாற்பது நிமிடம் ஆனது. அதைத்தான் எழுதினேன். ஆறு வருடம் அங்கே இருந்தவர்களுக்கு மட்டும்தான் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?

இளவேனில்:
சேது சொல்வதில் தவறில்லை. நான் சியோலில் படிக்கிறேன். வாரக் கடைசியில் பூசானுக்குப் போய்விட்டு அன்று இரவே திரும்பும் கொரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரயிலில் இரண்டரை மணி நேரம் சொச்சம்தான். ஒரு கடற்கரை, ஒரு சந்தை, ஒரு கோயில். அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது? அரண்மனைகள், அருங்காட்சியகங்கள் எல்லாம் சியோலில்தான்.

துறைமுகத்தான்:
அதற்கு மேல் என்ன இருக்கிறதா? தம்பி, 1950 இல் போர் மூண்டபோது நாடே ஓடிவந்து ஒண்டிய ஊர் அது. சியோல் விழுந்தபிறகு அரசாங்கமே அங்கேதான் வந்து உட்கார்ந்தது. வந்தவர்கள் மலைச் சரிவில் கிடைத்த பலகையையும் தகரத்தையும் வைத்து வீடு கட்டினார்கள். இன்று எல்லோரும் வண்ண வண்ணமாகப் படம் எடுக்கும் கம்ச்சோன் அப்படி அகதிகள் குடியேறிய மலைதான். வண்ணமும் சுவரோவியமும் 2009 க்குப் பிறகு கலைத் திட்டத்தில் வந்தவை.

சாப்பாடும் அந்தக் கதைதான். வடக்கிலிருந்து வந்தவர்கள் பக்வீட் என்ற தானியத்தில் செய்த குளிர் நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகியவர்கள். பூசானில் பக்வீட் கிடைக்கவில்லை. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவில் செய்தார்கள். அதுதான் மில்ம்யோன். துவேஜி குக்பாப் என்ற பன்றிக்கறிச் சாற்றுச் சோறு அந்த ஊரில் பரவியதும் போரின் பஞ்ச காலத்தில்தான் என்பார்கள். மண்சட்டியில் வெள்ளை நிறச் சாறு கொதித்துக்கொண்டே மேசைக்கு வரும். பக்கத்தில் சின்னத் தட்டில் உப்பில் ஊறிய பொடி இறால். அதைக் கரண்டி நுனியில் எடுத்துச் சாற்றில் கரைத்து, வாயில் வைத்து உப்புப் பார்த்து, மறுபடி ஒரு நுனி கரைக்க வேண்டும். மிளகாய்ப் பொடியில் பிரட்டிய, பூண்டு மணக்கும் பச்சைக் கீரையைக் கைநிறைய அள்ளிப் போட வேண்டும். அந்தச் சட்டி ஆறுவதற்கே கால் மணி நேரம் ஆகும். ஒரு நாளில் ஊரை முடிப்பவர் அதை எப்போது சாப்பிடுவார்? நாற்பது நிமிடப் பயணத்திலா?

பயணி சேது:
குக்பாப் நானும் சாப்பிட்டேன், காலையில், பூசான் ரயில் நிலையத்துக்கு எதிரில். இருபது நிமிடத்தில் முடித்தேன். வாயும் வேகவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போர் வரலாறு சொல்வது உங்கள் வழக்கம். போன வருடம் ஒசாகா பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் நடுவில் புகுந்து கப்பல் கதை சொன்னீர்கள்.

துறைமுகத்தான்:
ஒசாகாவிலும் நீங்கள் சொன்ன நேரம் தவறாகத்தான் இருந்தது. அன்றைக்கும் நான்தான் திருத்தினேன். உங்களை நம்பிப் போன ஒருவர் விமானத்தைத் தவறவிட இருந்தார்.

கோவை மலர்:
வணக்கம். அடுத்த மாதம் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு பூசான் போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். அவர் சுத்த சைவமும்கூட. எத்தனை நாள் வேண்டும், என்ன சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். நாற்பது நிமிடமா இரண்டு மணி நேரமா என்பதையும் தயவுசெய்து ஒரு முடிவுக்குக் கொண்டு வாருங்கள். அதை வைத்துத்தான் தங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

நெய்தல்:
மலர் அக்கா, அம்மாவுக்குச் சியாத் ஹோத்தோக் வாங்கிக் கொடுங்கள். ஜகல்ச்சிக்குப் பக்கத்து நாம்போதோங்கில் பிஃப் சதுக்கத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். மாவு உருண்டையை எண்ணெயில் தட்டையாக அழுத்திப் பொரிப்பார்கள். பிறகு கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு வெட்டு. அந்த வாய்க்குள் சூரியகாந்தி விதை, பூசணி விதை எல்லாம் கரண்டியால் திணித்துக் காகிதக் கோப்பையில் நிற்க வைத்துத் தருவார்கள். உள்ளே நாட்டுச் சர்க்கரை உருகி ஓடும். கடிக்கும்போது கவனம், சட்டையில் வழியும். மற்றபடி கிம்ச்சி என்ற காய் ஊறலும் சோறும் எங்கும் கிடைக்கும்.

துறைமுகத்தான்:
கிம்ச்சி சைவம் என்று யார் சொன்னது? பூசான் பக்கத்துக் கிம்ச்சியில் நெத்திலி ஊறல் போடாமல் செய்யும் வீட்டை நான் பார்த்ததே இல்லை. கிஜாங்கில் தேப்யோன் துறைமுகத்தில் வசந்த காலத்தில் போய் நின்றால் தெரியும், வலையை வரிசையாக நின்று உதறி நெத்திலி கொட்டுவார்கள். அந்த நெத்திலிதான் உப்பில் ஊறிக் கிம்ச்சிக்குப் போகிறது. மில்ம்யோன் சாறும் எலும்பிலும் கறியிலும் எடுத்ததுதான். சைவக்காரர்கள் பௌத்தக் கோயில்களின் சைவ உணவு கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகலாம். இல்லையென்றால் கறியும் முட்டையும் இல்லாமல் பிபிம்பாப் என்ற காய்கறிக் கலவைச் சோறு கேட்கலாம்.

நெய்தல்:
ஹோத்தோக்கைப் பற்றித்தான் முக்கியமாகச் சொன்னேன். கிம்ச்சியை ஒரு வரி சேர்த்ததற்கு இத்தனை கோபமா? உதவ வந்தவரை விரட்டினால் இங்கே யாரும் எழுத மாட்டார்கள்.

துறைமுகத்தான்:
ஒரு வரிதான் ஒரு சைவ அம்மாவின் வாயில் மீனைப் போடுகிறது. “நாற்பது நிமிடம்” என்பதும் ஒரு வரிதான்.

குமரிக்கண்டன்:
பூசான் விமான நிலையத்துக்குப் பெயர் தந்த கிம்ஹே நகரம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கேதான் பழைய கயா அரசின் சூரோ மன்னரை மணந்த நம் தமிழ் இளவரசியின் கல்லறை இருக்கிறது. இதை ஒருவரும் சொல்லவில்லையே! அவள் பிறந்த நாடாகச் சொல்லும் அயுத்தா என்பது குமரிப் பக்கத்து ஆய் நாடுதான். கொரியர்கள் இன்றைக்கும் அப்பாவை “அப்பா” என்றுதான் அழைக்கிறார்கள். ஊரின் பெயரைச் சிலர் புசான் என்கிறார்கள், நீங்கள் பூசான் என்று எழுதுகிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இளவேனில்:
புசான்தான் சரி. கொரிய ஒலி குறில்தான்.

துறைமுகத்தான்:
2000 க்கு முன்பு ஆங்கிலத்தில் P போட்டு Pusan என்று எழுதினார்கள், பிறகு B போட்டு Busan என்று மாற்றினார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே ப தான். நான் ஆறு வருடம் பூசான் என்றே எழுதிப் பழகிவிட்டேன், மாற்றப் போவதில்லை.

இளவரசிக்கு வருகிறேன். அந்த இளவரசி ஹோ ஹ்வாங் ஓக் கி.பி. 48 ஆம் ஆண்டு கடல் கடந்து வந்ததாகச் சொல்லும் சம்குக் யுசா என்ற நூல் 13 ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்தது. நடுவில் ஆயிரத்து இருநூறு வருடம்! அதில் “அயுத்தா” என்றுதான் இருக்கிறது, தமிழ்நாடு என்று இல்லை. அயோத்தி என்று நம்பி, சூரோ வழி வந்தவர்களாகச் சொல்லிக்கொள்ளும் கிம்ஹே கிம் வம்சத்தார் 2001 இல் அயோத்தியில் நினைவிடமே எழுப்பியிருக்கிறார்கள். கல்லறையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாசாங் நிலையத்திலிருந்து இலகு ரயிலில் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். அமைதியான, அழகான இடம். அதற்கும் அரை நாள் வேண்டும். சேதுவின் ஒரு நாளில் அதற்கு எங்கே இடம்?

குமரிக்கண்டன்:
தமிழனின் பெருமையைத் தமிழனே மறுப்பதுதான் நம் சாபம். அயோத்தியில் கடல் எங்கே இருக்கிறது? கப்பலில் வந்தவள் கடலோர நாட்டுக்காரியாகத்தான் இருக்க வேண்டும். ஆறு வருடம் கப்பல் வேலை பார்த்தவருக்கு இது புரியவில்லையா?

துறைமுகத்தான்:
கடற்கரை உள்ள நாடெல்லாம் தமிழ்நாடா? இதற்குமேல் இதில் பேச மாட்டேன். சேது, இன்னும் பதில் வரவில்லை. எதில் போனீர்கள்?

பயணி சேது:
டாக்சியில்.

துறைமுகத்தான்:
அப்படி வாருங்கள்! முதலிலேயே டாக்சி என்று எழுதியிருக்க வேண்டாமா? படிப்பவர்கள் மெட்ரோ அட்டையை வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள். டாக்சியிலும் நாற்பது நிமிடம் நடக்காது. நம்ஹாங் பாலம் ஏறி யோங்டோவுக்குள் இறங்கி, துறைமுகப் பாலம் ஏறி, அதன்பின் குவாங்கான் பாலம் ஏறி ஹேயுண்டேக்குள் நுழைந்தால் அங்கே எப்போதும் நெரிசல்தான். சோங்ஜோங் தாண்டிக் கோயில் வாசலுக்குப் போக வார இறுதியில் ஒரே ஒரு சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இளவேனில்:
மெட்ரோவிலும் உங்கள் கணக்கு பழையது. பூஜோனிலிருந்து தொங்ஹே தடத்து ரயில் ஓடுகிறது. ஒசிரியா நிலையத்தில் இறங்கினால் கோயில் இரண்டு கிலோமீட்டர் அளவில்தான். ஆறு வருடம் இருந்தவருக்கு அது தெரியவில்லையா?

துறைமுகத்தான்:
தெரியும். அந்தத் தடம் திறந்த 2016 இல் நான் அங்கேதான் இருந்தேன். மெட்ரோ மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று அதில் வராது. ஒரு ரயிலைத் தவறவிட்டால் நடைமேடையில் காத்துக் கிடக்க வேண்டும். அதைச் சேர்த்தாலும் நாற்பது நிமிடம் ஆகாது. நாற்பது நிமிடத்தில் கம்ச்சோனிலிருந்து சொம்யோனைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

கோவை மலர்:
ஐயா, என் கேள்வி என்னவாயிற்று? அம்மாவால் படி ஏற முடியாது.

துறைமுகத்தான்:
மன்னியுங்கள் அம்மா. யோங்குங்சாவுக்கு 108 படி இறங்க வேண்டும், திரும்ப அதையே ஏற வேண்டும். கொரியாவில் பெரும்பாலான கோயில்கள் மலைக்குள் இருக்கும். இது பாறைமேல், அலை வந்து மோதும் இடத்தில் நிற்கிறது. 1376 இல் நாவோங் என்ற துறவி நிறுவியது, ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்து மறுபடி எழுந்தது. அதைப் பார்க்காமல் வர வேண்டாம், ஆனால் விடியற்காலையில் போங்கள். கூட்டம் இருக்காது. அம்மா ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கலாம், பின்னால் யாரும் தள்ள மாட்டார்கள். அதற்காகவே முதல் இரவு ஹேயுண்டேயில் தங்குங்கள். அன்று பகலில் மிப்போவிலிருந்து சோங்ஜோங் வரை கடலோரமாகப் போகும் சிறு ரயிலில் அம்மா உட்கார்ந்தபடியே கடல் பார்க்கலாம். அடுத்த நாள் நாம்போ பக்கம் தங்கி ஜகல்ச்சியும் கம்ச்சோனும். கம்ச்சோனில் சிற்றுந்து மேல் வாசல் வரை போகும், அம்மா அங்கேயே உட்கார்ந்து மொத்த மலையையும் பார்க்கட்டும். சந்துகளுக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாமல் நடக்க வேண்டும். இரண்டு இரவுக்குக் குறைக்காதீர்கள். அப்பா மீன் சாப்பிடுவார் என்றால் ஜகல்ச்சியில் கீழே வாங்கி மாடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். மாடியில் ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக்குத் தனியாகக் கேட்பார்கள், மீன் குழம்புக்கும் தனிக் காசு. வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவை மலர்:
மிக்க நன்றி ஐயா. குறித்துக்கொண்டேன்.

பயணி சேது:
மாடியில் என்னிடம் யாரும் தனியாகக் கேட்கவில்லை. மீனின் விலையிலேயே எல்லாம் அடக்கம் என்றார்கள். இதிலும் பயமுறுத்துகிறீர்கள். இருக்கட்டும், டாக்சி ரசீதைத் தேடி எடுத்துவிட்டேன். ஏறிய நேரம் 10:52, இறங்கிய நேரம் 11:35, தூரம் 24 கிலோமீட்டர். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

துறைமுகத்தான்:
43 நிமிடம். நாற்பது அல்ல.

பயணி சேது:
மூன்று நிமிடத்துக்காகவா இத்தனை பேச்சு? உங்கள் இரண்டு மணி நேரம் எங்கே, என் நாற்பத்து மூன்று எங்கே?

துறைமுகத்தான்:
இரண்டு மணி நேரம் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் சொன்னது. மேலே போய்ப் படியுங்கள். இன்னொன்று, 24 கிலோமீட்டர் என்றால் நீங்கள் கம்ச்சோனில் ஏறவே இல்லை. மலையிலிருந்து இறங்கி நாம்போவில்தான் ஏறியிருக்க வேண்டும். கம்ச்சோனிலிருந்து நாம்போ வந்த நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

பயணி சேது:
கம்ச்சோன் வாசலில்தான் ஏறினேன். ஓட்டுநருக்கு உங்களைவிட வழி தெரிந்திருக்கிறது.

நெய்தல்:
ரசீதில் ஏறிய இடம் இல்லையா?

பயணி சேது:
நேரமும் தூரமும் கட்டணமும்தான் இருக்கின்றன. இடம் இல்லை.

துறைமுகத்தான்:
பாலச் சுங்கம் எத்தனை முறை கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். துறைமுகப் பாலத்துக்குத் தனி, குவாங்கான் பாலத்துக்குத் தனி. எந்த வழியில் போனீர்கள் என்று அதிலிருந்து நான் சொல்லிவிடுவேன். அதுவரை “கம்ச்சோனிலிருந்து நாற்பது நிமிடம்” என்ற வரியை உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நம்பிப் போகிறவர்களில் வயதானவர்களும் இருக்கிறார்கள்.

பயணி சேது:
எடுக்க மாட்டேன்.

குமரிக்கண்டன்:
அயோத்தியில் கடல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.