அப்பாவுக்கு கொள்ளி வைக்கல, இப்போ வருஷத் திவசம் வருது, போகலாமா?

பொருநைக்கரை:
ஞானஸ்நானம் எடுத்து 9 வருஷம், வீட்ல நான் மட்டும்தான் விசுவாசி. போன வருஷம் அப்பா தவறிட்டாங்க. மூத்தவன் நான்தான் கொள்ளி வைக்கணும், பாஸ்டர் கூடாதுன்னுட்டாங்க, உடலைக் குளிப்பாட்ட தண்ணி எடுத்துட்டு வர்ற நீர்மாலைக்கும் போகல மொட்டையும் போடல, தள்ளி நின்னேன், தம்பி வச்சான். எங்க ஊர்ல அம்மாவுக்கு இளையவன்தான் வைக்கணும், ஆக ரெண்டு பேருக்குமே நான் எதுவும் செய்யாத பிள்ளை ஆயிட்டேன். அடுத்த மாசம் திவசம். "ஓரமா வந்து உக்காந்தாக்கூட போதும்ய்யா"ன்னு அம்மா போன்ல அழுறாங்க. போனா தப்பா?

சீயோன்வாசி:
பிரதர் போகாதீங்க. தகப்பனையோ தாயையோ என்னைவிட அதிகமா நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் இல்லன்னு மத்தேயு 10:37 தெளிவா இருக்கு. அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வரேன்னு கேட்டவனுக்கு, மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம் பண்ணட்டும்னுதான் ஆண்டவர் சொன்னார், லூக்கா 9 படிங்க.

லேயாள்:
அதே ஆண்டவர்தான் மாற்கு 7ல, அப்பா அம்மாவுக்கு செய்ய வேண்டியதை கொர்பான்னு சொல்லி காணிக்கையாக்கிட்டு கையை விரிச்சவங்களை கண்டிச்சார். சிலுவையில உயிர் போற நேரத்துல கூட தாயை ஒரு சீஷன் கையில ஒப்படைச்சுட்டுத்தான் போனார். யோசேப்பு அப்பா யாக்கோபுக்கு என்ன செஞ்சார்? எகிப்து வைத்தியர்களை வச்சு உடல் கெடாம 40 நாள் சுகந்தவர்க்கம் இட்டு, எகிப்தியர்களே 70 நாள் துக்கம் கொண்டாடினாங்க (ஆதியாகமம் 50). அவர் தள்ளி நிக்கல தம்பி.

சீயோன்வாசி:
சிஸ்டர், உடலை அடக்கம் பண்றது வேற, பிண்டம் வச்சு படைக்கிறது வேற. அஞ்ஞானிகள் படைக்கிறது தேவனுக்கு இல்ல, பேய்களுக்குன்னு 1 கொரிந்தியர் 10:20 சொல்லுது. நான் இதை ஈசியா சொல்லல, நானும் முதல் தலைமுறைதான். முதல்ல ஓரமா உக்காருன்னுவாங்க, அப்புறம் பெரியப்பா வந்து சும்மா ஒரு பூவை எடுத்துப் போடுன்னுவார், பங்காளிங்க எல்லாம் சுத்தி நிப்பாங்க, அந்த இடத்துல முடியாதுன்னு சொன்னா அம்மாவுக்கு சொந்தக்காரங்க முன்னாடி அவமானம், போகாம இருந்தா வர்ற வருத்தத்தைவிட அது பெருசு. எனக்கு அப்படி நடந்துச்சு.

ஓரியூர்க்காரன்:
நான் கத்தோலிக்கன். இது புது கேள்வி இல்லைங்க. 1606ல மதுரைக்கு வந்த தத்துவ போதகர் (தெ நோபிலிங்கிற இத்தாலிய சேசு சபை குரு) எது சமயம், எது ஊர் வழக்கம்னு பிரிச்சுப் பாத்தார், குடுமி பூணூல் சந்தனம் எல்லாம் இருக்கட்டும்னு 1623ல பாப்பரசரே அனுமதிச்சார். சீனாவுல முன்னோர் மரியாதையை 1742ல ரோம் மொத்தமா தடை பண்ணிச்சு, 1939ல அது குடும்ப மரியாதைதான்னு சொல்லி விட்டுச்சு. இடையில எத்தனை குடும்பத்துல எத்தனை பேர் பிரிஞ்சு அழுதிருப்பாங்க.

சீயோன்வாசி:
ரோம் மாத்திக்கிட்டா வசனம் மாறாது.

லேயாள்:
சரி வசனத்துக்கே வாங்க. சீரியா படைத்தலைவன் நாகமான் கர்த்தரை ஏத்துக்கிட்ட பிறகு எலிசா தீர்க்கதரிசிகிட்ட கேட்டான், என் ராஜா ரிம்மோன்ங்கிற அவங்க சாமி கோயில்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு குனியும்போது நானும் குனியணும், கர்த்தர் மன்னிப்பாரான்னு. எலிசா திட்டல, சமாதானத்தோட போன்னார். நாகமான் கும்பிடப் போகல, ராஜாவுக்குத் தோள் கொடுக்கப் போனான். அந்த அம்மாவுக்கு ஒரு தோள் வேணும், அவ்வளவுதான் கேக்குறாங்க.

சீயோன்வாசி:
தோள் கொடுக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. முந்தின நாளே போய் இருக்கட்டும், செலவை ஏத்துக்கட்டும், பாத்திரம் கழுவட்டும். படையல் முன்னாடி உக்கார வேண்டாம், படைச்ச சாப்பாடு வேண்டாம். இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

பொருநைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. நேத்து அம்மாகிட்ட பேசுனேன். முந்தின நாளே வரேன், மூணு நாள் இருக்கேன், ஆனா படையல் போடும்போது வாசல்ல நிப்பேன், அப்பா படத்துக்கு முன்னாடி கும்பிட மாட்டேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. கோவிச்சுட்டு வச்சுட்டாங்களோன்னு பயந்துட்டேன். அப்புறம் கேட்டாங்க, "உனக்கு மட்டும் தனிப் பானையில வடிச்சிடுறேன், அது சாப்பிடுவ இல்ல?"