வரவேற்பறைச் சுவரில் 1962-ன் பிரெஞ்சுக் கிராம ஸ்டேஷன்: ஷிப்ட் வேலை, பிள்ளைகளுக்கு நடுவே கட்ட முடியுமா?

ருவாசி_ஷிப்ட்

எல்லோருக்கும் வணக்கம். குட்டி ரயில் மாடல் கட்டுபவர்களின் இந்த மன்றத்தை ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன்.

பாரிஸுக்கு வடக்கே சார்செலில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். எனக்கு ருவாசி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் வேலை. ஒரு வாரம் விடியற்காலை ஷிப்ட், அடுத்த வாரம் மாலை ஷிப்ட். மனைவியும் வேலைக்குப் போகிறார். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று.

கோடை விடுமுறையில் மத்திய பிரான்ஸில் இருக்கும் அம்பேர் ஊருக்குப் போயிருந்தோம். தோர் ஆற்றை ஒட்டி வரும் பாரிஸ்-லியோன்-மெடிடரேனியன் (பி.எல்.எம்.) என்ற அந்தப் பழைய ரயில் கம்பெனியின் பாதையையும், அங்கே பாதுகாத்து வைத்திருக்கும் பனோரமிக் ரயில்காரையும் (எஞ்சின் உள்ளேயே இருக்கும் பயணிகள் பெட்டி) பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே கிடக்கிறது. சிவப்பு ஓட்டுக் கூரை, பின்னால் கறுத்த ஊசியிலைக் காடு, மரம் ஏற்றிய வண்டிகள் நிற்கும் ஒரு சின்ன ஸ்டேஷன். இதை ஹெச்ஓ அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) கட்ட வேண்டும் என்று ஆசை. நீராவி காலம் முடிய இருந்த 1960-களின் தொடக்கம் என்றால் இன்னும் நல்லது.

என்னிடம் இருப்பது வரவேற்பறையில் 2.60 மீட்டர் சுவர். ஆழம் 40 சென்டிமீட்டருக்கு மேல் போனால் வீட்டில் நடமாட முடியாது. மாதம் 60 யூரோ ஒதுக்கலாம். இணையத்தில் பார்க்கும் பிளான் எல்லாம் வட்டம் சுற்றும் பெரிய மேசைகள். இந்த இடத்தில் பிரெஞ்சு ரயில் என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி ஒன்று சாத்தியமா? இல்லை, இன்னும் சின்ன அளவான ‘என்’ (N)-தான் சரியா?

---

பழைய_பிஎல்எம்

வாங்க தம்பி. சாத்தியம்தான், அதுவும் ஹெச்ஓவிலேயே. ‘என்’ (N) அளவு 1/160 என்பதால் இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் பிரெஞ்சுக் கிளைப் பாதைகளுக்கான வண்டிகள் ஹெச்ஓவில்தான் தாராளமாகக் கிடைக்கின்றன, பழைய சாமானும் இதில்தான் மலிவு. மாதம் 60 யூரோவுக்கு அது பெரிய விஷயம்.

வட்டத்தை மறந்துவிடுங்கள். நீங்கள் பார்த்த மாதிரி ஊரில் ரயில் ஒரு பக்கமிருந்து வரும், நிற்கும், சரக்கு வண்டியைக் கழற்றும், திரும்பிப் போகும். அதையே கட்டுங்கள். 1.90 மீட்டரைக் காட்சிக்கு வையுங்கள், 95 சென்டிமீட்டர் பெட்டி இரண்டாக, போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி. மிச்சமுள்ள 70 சென்டிமீட்டர் மறைவிடம், இங்கே கூலிஸ் என்பார்கள். அதில் அலுமினியக் கோணப் பட்டையால் ஒரு கேசட், அதாவது ரயில் நிற்கும் நீளத் தட்டு. ரயிலைக் கேசட்டோடு தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். ரயில் ஓட்ட விருப்பமில்லாத நாளில் அதை அலமாரிக்குள் வைத்துவிட்டால் சுவரில் 1.90 மீட்டர்தான் நிற்கும்.

இனி நீளக் கணக்கு. பிகாசோ ரயில்கார், அதாவது எக்ஸ் 3800, அசலில் 21.85 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 25 சென்டிமீட்டர். பின்னால் ஒரு டிரெய்லர் போட்டாலும் 50-க்குள் அடங்கும். பிபி 63000 டீசல் எஞ்சின் 17 சென்டிமீட்டர், இரண்டு அச்சு வண்டி ஒன்று சுமார் 11. எஞ்சினும் நான்கு வண்டியும் சேர்ந்து 61. ஆக, கிராசிங் லைனில் (எஞ்சின் ரயிலைச் சுற்றி வர உதவும் பக்கத் தண்டவாளம்) 70 சென்டிமீட்டர் உபயோக நீளம் இருந்தால் உங்கள் ஊரின் எல்லா ரயிலும் அதில் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் நடுத்தர வளைவு பாயின்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் துண்டு) ஒவ்வொன்றும் 22 சென்டிமீட்டர். முனையில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுபோக 25. கூட்டினால் 139. பாக்கி 51 ரயில் ஊருக்குள் நுழையும் நீளம். மூன்றாவது பாயின்ட் ஒன்றைப் போட்டுச் சரக்குக் கொட்டகைக்கும் மரம் ஏற்றும் முற்றத்துக்கும் ஒரு லைன் பிரியுங்கள். மொத்தம் மூன்று பாயின்ட் போதும்.

பாதை ஏன் அங்கேயே முடிகிறது என்று யாராவது கேட்டால் அதற்கும் நியாயமான காரணம் உண்டு. 1938-ல் பிரான்ஸின் தேசிய ரயில்வேயான எஸ்.என்.சி.எஃப். உருவான கையோடு, பஸ்ஸோடு போட்டி போட முடியாத எத்தனையோ கிளைப் பாதைகளில் பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் தண்டவாளம் துருப்பிடித்துப் புல் மண்டிக் கிடக்கும். அப்படி ஒரு பத்துச் சென்டிமீட்டர் விட்டு, குறுக்கே ஒரு மரக்கட்டைத் தடுப்பு வையுங்கள். எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

வருஷத்தை நீங்கள் சொன்னபடி 1962 என்று இப்போதே எழுதி ஒட்டுங்கள். காசு மிச்சப்படும். சரக்கு வண்டிகளில் 12 இலக்க ஐரோப்பிய எண்கள் 1960-களின் நடுவில்தான் வந்தன, அதனால் அந்த எண் உள்ள வண்டியைக் கடையில் பார்த்தால் கடந்து போய்விடலாம். அதிவேக ரயிலான டிஜிவி வேண்டாம், சிசி 72000 டீசல் எஞ்சின் வேண்டாம், அது 1967-ல்தான் வந்தது. பிகாசோவோ 1950 முதல் 1961 வரை 251 கட்டினார்கள், நாடு முழுக்க ஓடியது. சிவப்பும் கிரீமும். ஓட்டுநர் கூரைக்கு மேலே ஒரு பக்கமாகத் துருத்தி நிற்கும் கூண்டில் உட்கார்ந்திருப்பார். அது ஒன்று நடைமேடையில் நின்றால் இது எந்த நாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பிரெஞ்சுத்தன்மையில் பாதி எஞ்சினில் இல்லை, சாலையோரத்தில் இருக்கிறது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த எஞ்சினைத்தான் வாங்குகிறார்கள்! மைல்கல்லைப் பாருங்கள். வெள்ளைக் கல், தலையில் மஞ்சள் என்றால் மாவட்டச் சாலை, சிவப்பு என்றால் தேசியச் சாலை. உங்கள் ஊருக்கு மஞ்சள். கார்களுக்குக் கறுப்பு நம்பர் பிளேட், வெள்ளை எழுத்து, கடைசியில் 63, அம்பேர் இருக்கும் புய்-த-தோம் மாவட்டத்தின் எண். 2 சிவி, பியூஜோ 403, தகரம் மடித்த மாதிரி பக்கங்கள் கொண்ட சித்ரோயன் ஹெச் வேன். சாலையின் இருபுறமும் பிளாட்டான் மரங்கள். கஃபே வாசலில் சிகரெட் விற்கும் உரிமையைக் காட்டும் சிவப்புக் ‘காரட்’ பலகை. முதல் உலகப் போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர் செதுக்கிய நினைவுத் தூண், அது இல்லாத கிராமத்தைப் பார்ப்பது அரிது. லெவல் கிராசிங்கை ஒட்டிக் கேட்கீப்பர் வீடு, பல இடங்களில் தண்டவாள வேலை பார்த்தவரின் மனைவிதான் அந்த கேட்டை ஏற்றி இறக்கியவர். முற்றத்தில் கோழி, காய்கறிப் பாத்தி, கொடியில் துணி. எல்லாம் சேர்ந்தும் ஒரு புது எஞ்சின் விலை ஆகாது.

வீடுகளை மட்டும் கவனமாக வாங்குங்கள். கடையில் அதிகம் கிடைப்பது ஜெர்மன் கிட். மரச் சட்டம் போட்ட அந்தச் சுவர்களை அம்பேர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்தால் மொத்தமும் ஜெர்மனியின் கருங்காட்டுக்குப் போய்விடும். ஸ்டேஷன் கட்டடத்தையாவது பி.எல்.எம். பாணியில் வாங்குங்கள், அல்லது அட்டையில் வெட்டிக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, முன்னால் ஒற்றைப்படையில் கதவுகள், பக்கச் சுவர் உச்சியில் ஊர்ப் பெயர். நான்கு அங்குல அகலச் சுவரில் சாளரம் வெட்டுகிற வேலை இரவில் சத்தமில்லாமல் நடக்கும்.

கடைசியாக ஒன்று, பழைய சாமான் விஷயம். சந்தைகளில் ஜுவெஃப் என்ற பிரெஞ்சு மாடல் கம்பெனியின் பழைய எஞ்சின் மலிவாகக் கிடைக்கும். ஜுரா மலைப் பக்கம் ஷாம்பஞோலில் செய்தவை, இன்றும் ஓடக்கூடியவை. ஆனால் பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழம் அதிகம். கோட் 75 தண்டவாளத்தின் உயரம் 1.9 மில்லிமீட்டர்தான், விளிம்பு, தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கும் பிடிப்பான்களைத் தட்டிக்கொண்டே போகும். பழையதும் ஓட வேண்டுமென்றால் கோட் 100, அதாவது 2.54 மில்லிமீட்டர் உயரம் உள்ளதை வாங்குங்கள். ஜல்லியைக் கொஞ்சம் கூடப் போட்டு வண்ணம் பூசினால் உயரம் கண்ணுக்குத் தெரியாது.

---

மேசை_ஓரம்

மேலே அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை. நான் வாழ்க்கைப் பக்கத்தை எழுதுகிறேன். லியோனில் இரண்டு பிள்ளைகளோடு இதே மாதிரி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, வேலையைச் சத்தத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ரம்பம், டிரில் எல்லாம் மாலை ஷிப்ட் வாரத்தின் காலை நேரத்தில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின். ஞாயிற்றுக்கிழமை சத்தமான வேலைக்கு அனுமதிக்கும் நேரம் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள், கீழ் வீட்டுக்காரரோடு உறவும் கெடாது. பெட்டிக்குப் பலகையை வாங்கும் கடையிலேயே அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். பாதிச் சத்தம் அங்கேயே போய்விடும்.

விடியற்காலை ஷிப்ட் வாரத்தில் கட்டாதீர்கள். களைப்பில் பாயின்ட்டுக்குக் கம்பி பற்றவைக்கிற வேலை வேண்டாம். அந்த வாரம் ஒரு டிரேயில் அடங்கும் வேலை மட்டும். ஒரு ஹெச் வேனுக்கு அழுக்கு பூசுவது, பத்து மரம் செய்வது. டிரேயைத் தூக்கி அலமாரி மேல் வைத்தால் சாப்பாட்டு மேசை திரும்பவும் குடும்பத்துக்கு. ஜல்லி ஒட்டுவது தூங்கப் போகும் முன் செய்யும் வேலை. வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுச் சொட்டுசொட்டாக ஊற்றினால் காலையில் இறுகியிருக்கும். பெயின்ட் அக்ரிலிக் மட்டும், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கரைப்பான் வாசனை கூடாது.

உயரம் 1.30 மீட்டர் வையுங்கள். சின்னவளுக்கு எட்டாது. பெரியவனுக்கு ஒரு முக்காலி போதும், அவன் கண் ரயிலின் ஜன்னலுக்கு நேராக வரும். அவனுக்கு நிஜமான பொறுப்பு ஒன்று கொடுங்கள். எங்கள் வீட்டில் மகள்தான் ஸ்டேஷன் மாஸ்டர். பச்சைக் கரை போட்ட வெள்ளை வட்டத்தை அட்டையில் செய்து கையில் பிடித்திருப்பாள், அந்தக் காலத்தில் இங்கே ரயில் புறப்பட அதைத்தான் காட்டினார்கள். அவள் காட்டாமல் வண்டி நகராது. நான் வேலை முடிந்து வரும்போது காலை ரயில்கார் போய்விட்டதா, மர வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று அவள்தான் சொல்வாள்.

இன்னொன்று. முதல் தண்டவாளம் போட்ட வாரமே ஏதாவது ஒன்று ஓட வேண்டும். வெறும் பலகை மேல் ஓடினாலும் பரவாயில்லை. ஓடாத லேஅவுட் மேல் சலவைத் துணி ஏறிவிடும்.

---

ஸ்ட்ராஸ்பூர்வாசி

பின்னால் எப்போதாவது இரட்டைப் பாதையாக விரித்தால், ரயில் இடப்பக்கம் ஓட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எங்கள் அல்சாஸிலும் மோசலிலும்தான் வலப்பக்கம். 1871 முதல் முதல் உலகப் போர் முடியும்வரை ஜெர்மனி ஆண்டபோது வந்த வழக்கம், இன்றும் அப்படியே. உங்கள் லைனுக்கு ஒற்றைப் பாதை என்பதால் இப்போதைக்குக் கவலை இல்லை.

மின்சாரத்துக்கு: ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் நகரும் என்றால் சாதாரண டிசி (நேர்மின்சார) கன்ட்ரோலரே போதும், 60 யூரோவில் டிசிசிக்கு (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் முறை) அவசரப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாகக் கம்பி இழுத்து வையுங்கள். நாளைக்கு மாற நினைத்தால் எதையும் பிடுங்க வேண்டியிருக்காது.

---

ருவாசி_ஷிப்ட்

நன்றி அண்ணா, நன்றி அக்கா. உங்கள் பதில்களை மனைவிக்கும் படித்துக் காட்டினேன். கேசட்டை அலமாரியில் வைக்கலாம் என்ற இடத்தில் அவர் முகம் தெளிந்தது, சுவர் கிடைத்துவிட்டது. பெரியவன் பச்சைக் கரை வட்டத்தை இப்போதே அட்டையில் வெட்டிவிட்டான்.

கோட் 100, டிசி, மூன்று பாயின்ட், 1962. முதல் மாதக் காசில் பலகையும் ஒரு பாயின்ட்டும் வாங்கப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: பிகாசோவைப் புதிதாக வாங்கக் காத்திருப்பதா, அதுவரை ஓட்டப் பழைய டீசல் ஏதாவது எடுப்பதா?

---

பழைய_பிஎல்எம்

பழைய டீசலை எடுங்கள் தம்பி. ஜுவெஃப் ஷன்டிங் எஞ்சின் எதுவானாலும் சரி. வாங்கும்போது மேசையில் வைத்துச் சக்கரத்துக்கு மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு திசையிலும் மெதுவாகக் கிளம்புகிறதா என்று மட்டும் பாருங்கள். கூட இரண்டு மூடிய வண்டி, ஒரு தட்டை வண்டி. தட்டை வண்டிக்குச் சரக்கு கடையில் வாங்க வேண்டாம். தோட்டத்தில் ஒடித்த நேரான குச்சிகளைக் காயவைத்து 8 சென்டிமீட்டராக வெட்டிப் பெரியவன் ஏற்றட்டும். பிகாசோ அடுத்த வருஷம் வரட்டும்.